‘எல்லாம் நார்மல்’ என்று ரிப்போர்ட் காட்டினால் காண்டம் வேண்டாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதிதாக ஒருவருடன் உறவு தொடங்கியிருக்கிறது. இருவருக்குமே இதற்கு முன் வேறு துணைகள் இருந்திருக்கிறார்கள். அவர் ஒரு லேப் ரிப்போர்ட்டைக் காட்டி, “செக் பண்ணிட்டேன், எல்லாம் நார்மல்” என்கிறார். அதில் இருப்பது எச்ஐவி, விடிஆர்எல் என்ற இரண்டே டெஸ்ட். முன்பிருந்தவருடன் கடைசியாக உறவு வைத்து மூன்று வாரம் கழித்து எடுத்தது. கேட்டிருக்கும் பெண் கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறார். இனி காண்டம் தேவையா, எந்த அறிகுறியும் இல்லாத தானும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா, இதையெல்லாம் பேசினால் அவர் சந்தேகமாக எடுத்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்கிறார்.

முதலில் நேரடியான பதில். இந்த ரிப்போர்ட்டை நம்பிக் காண்டத்தை விட்டுவிடாதீர்கள். நீங்களும் டெஸ்ட் எடுங்கள். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்து, வந்ததை உங்களிடம் காட்டவும் செய்திருக்கிறார். பலர் அதைக்கூடச் செய்வதில்லை. ஆனால் அந்தக் காகிதம் உங்களுக்குத் தேவையான கேள்விகளில் பாதிக்குக்கூடப் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னதையும் கொஞ்சம் அவசரப்பட்டுச் சொல்லியிருக்கிறது.

அந்த அவசரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டின் மேல்பகுதியில் பெரும்பாலும் இரண்டு தேதிகள் அச்சாகியிருக்கும்: சாம்பிள் எடுத்த தேதி, ரிப்போர்ட் கொடுத்த தேதி. சாம்பிள் எடுத்த தேதிதான் கணக்கு. அந்த நாளிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே போய், கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் உறவு வைத்த நாள் வரை எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள். ஒரு கிருமி உடம்புக்குள் நுழைந்த நாளுக்கும், டெஸ்டில் தெரியத் தொடங்கும் நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. விண்டோ பீரியட் என்பார்கள். அந்த இடைவெளிக்குள் எடுத்த டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்தால், அதற்கு முந்தைய காலத்தைப் பற்றித்தான் அது பேசுகிறதே தவிர அந்தக் கடைசி உறவைப் பற்றி அல்ல.

எச்ஐவிக்கு இந்த இடைவெளி, எந்த வகை டெஸ்ட் என்பதைப் பொறுத்து மாறும். கை நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து லேபில் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்ட், நம் உடம்பு உருவாக்கும் ஆன்டிபாடியோடு சேர்த்து வைரஸின் பி24 என்ற புரதத்தையும் தேடுகிறது. தொற்று ஏற்பட்ட 18 முதல் 45 நாளுக்குள் அது காட்டிக்கொடுத்துவிடும். அதனால் 45 நாள் கழித்து எடுத்த நெகட்டிவை நம்பலாம். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் பார்க்கும் கார்டு டெஸ்ட், வீட்டிலேயே செய்துகொள்ளும் கிட் ஆகியவற்றுக்கு 90 நாள் வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. வைரஸின் மரபணுவையே நேரடியாகத் தேடும் டெஸ்ட் 10 முதல் 33 நாளுக்குள் சொல்லிவிடும்; ஆனால் அது எல்லோருக்கும் எடுக்கும் டெஸ்ட் இல்லை, சமீபத்தில் தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்று வலுவான காரணம் இருந்தால் மருத்துவர் எழுதுவார். உங்கள் துணை எடுத்தது மூன்று வாரத்தில். 21 நாள். எந்த வகை டெஸ்ட் என்றே தெரியாவிட்டாலும், மறுபடி எடுக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், எச்ஐவி உடம்புக்குள் வந்த முதல் சில வாரங்களில்தான் ரத்தத்தில் வைரஸின் எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும். அடுத்தவருக்கு மிக எளிதாகப் பரவுவதும் அப்போதுதான். டெஸ்ட் நெகட்டிவ் என்று சொல்ல வாய்ப்புள்ள அதே நாட்கள். காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் சிவப்புத் தடிப்பு, கழுத்தில் நெறிக்கட்டி என்று சிலருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் வரும். சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று நினைத்து விட்டுவிடுவார்கள், தானாகவே சரியாகியும் போகும். பலருக்கு அதுவும் வராது.

அடுத்தது விடிஆர்எல். இது சிபிலிஸுக்கான டெஸ்ட். பழைய ஆட்கள் மேகநோய் என்பார்களே, அதில் இதுவும் அடக்கம். சிபிலிஸின் முதல் அடையாளம் ஒரு புண். கிருமி நுழைந்த இடத்தில், சராசரியாக மூன்று வாரத்தில், சிலருக்கு மூன்று மாதம் வரைகூடத் தாமதமாக வரும். வலிக்காது. அதுதான் பிரச்சினையே. வாய்க்குள், ஆசனவாய்க்குள், யோனிக்குள் ஆழத்தில் இருந்தால் இருப்பதே தெரியாது. சில வாரத்தில் தானாக ஆறிவிடும், ஆனால் நோய் போகாது. புண் வந்த பிறகுதான் ரத்தத்தில் டெஸ்ட் பாசிட்டிவ் ஆகத் தொடங்கும் என்பதால், முழு உறுதிக்கு 12 வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். மூன்று வாரத்தில் எடுத்த விடிஆர்எல் நெகட்டிவை வைத்துப் பெரிதாக எதையும் சொல்ல முடியாது.

விடிஆர்எல் பாசிட்டிவ் என்று வந்தால் உடனே பதறவும் வேண்டாம். கர்ப்பம், வேறு தொற்று, சில நோயெதிர்ப்புக் கோளாறுகள் இருந்தாலும் அது பாசிட்டிவ் காட்டும். அதனால் டிபிஎச்ஏ என்ற இன்னொரு டெஸ்டில் உறுதி செய்வார்கள். அந்த டிபிஎச்ஏவோ, ஒருமுறை சிபிலிஸ் வந்து முழுதாகக் குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் பாசிட்டிவாகவே இருக்கும். ஆக, பழைய சிகிச்சை பெற்ற ஒருவரின் டிபிஎச்ஏ பாசிட்டிவைப் பார்த்து ‘இவருக்கு நோய் இருக்கிறது’ என்று முடிவு கட்டுவது தவறு. விடிஆர்எல்லின் அளவு, உதாரணத்துக்கு 1:32 என்று இருந்தது சிகிச்சைக்குப் பின் 1:8 என்று இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் முறை.

சரி, அந்தக் காகிதத்தில் இல்லாதவைக்கு வருவோம். என்னைக் கேட்டால் உங்கள் நிலைமையில் இதுதான் பெரிய ஓட்டை. உடலுறவில் பரவும் பாக்டீரியாத் தொற்றுகளான கிளமிடியாவும் கொனோரியாவும் ரத்தப் பரிசோதனையில் தெரியாது. எத்தனை சிரிஞ்ச் ரத்தம் எடுத்தாலும் தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருப்பவர்களிடம் மட்டும் கிளமிடியா சுமார் 12.9 கோடி, கொனோரியா சுமார் 8.2 கோடி புதிய தொற்றுகள். புதிய துணையுடன் இருப்பவர்கள் எச்ஐவியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். சந்திக்க அதிக வாய்ப்புள்ளவை இந்த இரண்டும்தான். கிளமிடியா வந்த பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. ஆண்களிலும் பலருக்கு இருக்காது. சத்தமில்லாமல் கருக்குழாய் வரை ஏறித் தழும்பை உண்டாக்கிவிட்டு, சில வருடம் கழித்துக் குழந்தை தரிக்கவில்லை என்றோ, கரு குழாயிலேயே தங்கிவிட்டது என்றோ மருத்துவரிடம் போகும்போதுதான் சிலருக்குத் தெரியவருகிறது. ‘எனக்கு அறிகுறி எதுவும் இல்லையே, நான் ஏன் எடுக்க வேண்டும்’ என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது.

இதற்கான டெஸ்ட், கோவிட் காலத்தில் எல்லோரும் மூக்கைக் கொடுத்துப் பழகிய பிசிஆர் வகையைச் சேர்ந்தது. கிருமியின் மரபணுவைத் தேடும். பாதுகாப்பில்லாத உறவுக்கு இரண்டு வாரம் கழித்து எடுத்தால் போதும். அவருக்குச் சிறுநீரில் பார்ப்பார்கள். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனைக்கு முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்வார்கள் அல்லவா? இதற்கு நேர் எதிர். முதலில் வரும் 20, 30 மில்லிதான் வேண்டும். நீர்ப்பாதையின் சுவரில் ஒட்டியிருக்கும் கிருமியைக் கழுவிக்கொண்டு வருவது அதுதான். அதற்கு முன் குறைந்தது ஒரு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருக்க வேண்டும். லேப் ஊழியரே பழக்கதோஷத்தில் “நடுவில் வருவதைப் பிடிங்க” என்று சொன்னால், எந்த டெஸ்டுக்கு என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

உங்களுக்குச் சிறுநீரைவிட யோனியில் எடுக்கும் ஸ்வாப் நம்பகமானது. அதை யாரும் எடுத்துவிட வேண்டியதில்லை. நீளமான பஞ்சுக் குச்சியை விரல் நீளத்தில் பாதி அளவு உள்ளே விட்டு, சுவரில் படும்படி சில விநாடிகள் சுழற்றி எடுத்துக் குப்பியில் போட்டால் முடிந்தது. கழிவறையிலேயே நீங்களே செய்துகொள்ளலாம், மருத்துவர் எடுப்பதற்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. பாப் ஸ்மியர் எடுத்திருக்கிறேன், அதில் எல்லாம் தெரிந்திருக்குமே என்று சிலர் நினைப்பார்கள். அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான அறிகுறிகளைத் தேடுவது, கிளமிடியாவைத் தேடுவதில்லை.

அப்புறம், சாம்பிள் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பது. கொனோரியா தொண்டையில் மட்டும் இருக்கலாம். ஆசனவாயில் மட்டும் இருக்கலாம். அப்போது சிறுநீர் டெஸ்ட் நெகட்டிவ் என்றுதான் வரும், அது தவறும் அல்ல. அங்கே கிருமி இல்லை, அவ்வளவுதான். வாய்வழி உறவு இருந்தால் தொண்டை ஸ்வாப், ஆசனவழி உறவு இருந்தால் அங்கே ஒரு ஸ்வாப் என்று கேட்டு எடுக்க வேண்டும். ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள் இந்த மூன்று இடத்தையும் பார்க்காமல் சிறுநீரோடு நிறுத்திக்கொண்டால் ஏராளமான தொற்றுகள் நழுவிப்போகும். வெளிப்படையாகச் சொல்லக் கூச்சமாக இருந்தால், “வாய், பின்புறம் இரண்டிலும் ஸ்வாப் எடுக்கணும்” என்ற ஒரு வரி போதும். எந்த நல்ல மருத்துவரும் அதற்கு மேல் கதை கேட்க மாட்டார்.

‘ஃபுல் பாடி செக்கப்’ என்று அறுபது எழுபது அளவுகளோடு ஒரு பட்டியல் வரும், பார்த்திருப்பீர்கள். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, வைட்டமின் எல்லாம் இருக்கும். நாம் இங்கே பேசும் ஒன்றுகூடப் பெரும்பாலும் அதில் இருக்காது. அதை எடுத்துவிட்டு ‘உடம்பு முழுக்கப் பார்த்தாச்சு’ என்று உண்மையாகவே நம்புகிறவர்கள் நிறையப் பேர். யாராவது டெஸ்ட் எடுத்துவிட்டேன் என்று சொன்னால், அதற்கு அடுத்த கேள்வி எப்போதும் ‘எதற்கு?’ என்பதுதான்.

ஹெபடைடிஸ் பி இந்த வரிசையில் மறக்கப்படுகிற ஒன்று. உடலுறவில் எளிதாகப் பரவும், கல்லீரலைப் பல வருடம் அரிக்கும், ஆனால் தடுப்பூசி இருக்கிறது. ரத்தத்தில் எச்பிஎஸ்ஏஜி என்ற டெஸ்ட் இருவரும் எடுங்கள். அது நெகட்டிவாக இருந்து, தடுப்பூசியும் போட்டதில்லை என்றால் 0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசி. போட்டது நினைவில்லை என்றால் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பாற்றலைக் காட்டும் ஆன்டி எச்பிஎஸ் அளவு 10க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஹெபடைடிஸ் சி பெரும்பாலும் ரத்தத்தின் வழியே பரவுவது. ஊசியைப் பகிர்ந்தவர்கள், ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள் எடுத்துப் பார்ப்பது நல்லது. டிரைக்கோமோனஸ் என்ற ஒட்டுண்ணித் தொற்றை உங்களுக்கு ஸ்வாப் எடுக்கும்போதே சேர்த்துப் பார்க்கலாம், மாத்திரையில் போய்விடும்.

டெஸ்ட் எடுத்தும் தெளிவு கிடைக்காத இரண்டு இருக்கின்றன. ஒன்று எச்பிவி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் வைரஸ். ஆண்களுக்கு இதற்கென்று வழக்கமான டெஸ்ட் கிடையாது. பெண்களுக்கு உள்ள டெஸ்ட் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கத்தான், துணையின் ‘தகுதி’யை அளக்க அல்ல. உடலுறவு வாழ்க்கை உள்ள பெரும்பாலானோர் எப்போதாவது ஒருமுறை எச்பிவியைச் சந்திப்பார்கள், பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, முடிந்தவரை சிறு வயதிலேயே போடுவது சிறந்தது. பெரியவர்களும் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று ஹெர்பீஸ், கொப்புளங்களை வரவைக்கும் வைரஸ். புண் எதுவும் இல்லாதவர்களுக்கு ரத்தத்தில் ஹெர்பீஸ் டெஸ்ட் எடுக்க வேண்டாம் என்றே வழிகாட்டிகள் சொல்கின்றன. தவறான பாசிட்டிவ் வரும். முதல் வகை ஹெர்பீஸ் பாசிட்டிவ் என்றால் அது சின்ன வயதில் உதட்டோரம் வந்த கொப்புளமா, பிறப்புறுப்பிலா என்று ரத்தம் சொல்லாது. உலகில் 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த முதல் வகை இருக்கிறது. எடுத்துப் பார்த்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைத்தவர்களை அறிவேன். கொப்புளமோ புண்ணோ வந்தால் அது ஈரமாக இருக்கும்போதே, ஓரிரு நாளில், ஸ்வாப் எடுங்கள். அதுதான் பயனுள்ள டெஸ்ட். உதட்டில் கொப்புளம் இருக்கும் நாட்களில் வாய்வழி உறவைத் தள்ளிப்போடுங்கள்; அதே கிருமி கீழேயும் வரும்.

இப்போது உங்கள் கணக்கை எடுத்துக்கொள்வோம். இந்த வாரமே இருவரும் கிளமிடியா, கொனோரியா, எச்ஐவி, சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி எடுங்கள். முன்பிருந்தவர்களுடனான கடைசி உறவுக்கு இரண்டு வாரம் ஆகியிருந்தால் முதல் இரண்டும் அதோடு முடிந்தன. எச்ஐவிக்கு, அந்தக் கடைசி உறவிலிருந்து 45 நாள் கழித்து நரம்பு ரத்தத்தில் இன்னொரு முறை. சிபிலிஸும் ஹெபடைடிஸ் பியும் 12 வாரம் முடிந்ததும் இன்னொரு முறை. எச்ஐவி தடுப்பு மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அதை லேபிலும் மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும், ரத்தத்தில் தெரிவது தாமதமாகலாம். அதுவரை காண்டம். எல்லாம் நெகட்டிவ், இடையில் வெளியே யாருடனும் இல்லை என்றால், அப்போது காண்டத்தை நிறுத்துவது பற்றி இருவரும் நிதானமாகப் பேசலாம். மாத்திரை கர்ப்பத்தைத் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. காண்டமோ இரண்டையும் செய்யும், ஆனால் கர்ப்ப விஷயத்தில் மட்டும் பார்த்தால் மாத்திரையைவிடக் கொஞ்சம் பலவீனம்: நிஜ வாழ்க்கையில் மக்கள் பயன்படுத்துகிற விதத்தில், காண்டத்தை மட்டும் நம்பும் 100 பெண்களில் சுமார் 13 பேர் ஒரு வருடத்தில் கருவுறுகிறார்கள். சரியாக, ஒவ்வொரு முறையும் போட்டால் அது 2 ஆக இறங்குகிறது.

அந்த 13க்கும் 2க்கும் நடுவே இருப்பது முழுக்கச் சின்னச் சின்ன விஷயங்கள். பாக்கெட்டைப் பல்லால் கிழிப்பது. மாதக்கணக்கில் பர்ஸுக்குள் சூட்டில் கிடந்ததைப் போடுவது. பாதி உறவு முடிந்தபின், ‘கடைசியில் போட்டுக்கலாம்’ என்று போடுவது. வழவழப்புக்குத் தேங்காய் எண்ணெய், வாசலின், பேபி ஆயில் எடுப்பது; லேடெக்ஸ் காண்டத்தை எண்ணெய் சில நிமிடங்களிலேயே வலுவிழக்கச் செய்துவிடும். பூஞ்சைத் தொற்றுக்கு யோனியில் வைக்கும் சில கிரீம்களும் அப்படித்தான், சிகிச்சை நடக்கும் நாட்களில் கவனம். தண்ணீர் அல்லது சிலிகான் அடிப்படையிலான லூப்ரிகன்ட் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆசனவழி உறவுக்கு அது கட்டாயம் என்றே சொல்வேன். இரண்டு காண்டம் ஒன்றின் மேல் ஒன்று போட்டால் இரட்டைப் பாதுகாப்பு இல்லை, உரசிக் கிழியும்.

போடும்போது நுனியை விரலால் அழுத்திக் காற்றை வெளியேற்றிக்கொண்டு உருட்டி இறக்க வேண்டும். உருளவில்லை என்றால் தலைகீழாக வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். அதை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளாதீர்கள். நுனியில் கசிந்த திரவம் இப்போது வெளிப்பக்கம் வந்துவிட்டது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது. முடிந்ததும், விறைப்பு தளர்வதற்குள், அடிப்பகுதி வளையத்தைப் பிடித்துக்கொண்டே வெளியே எடுக்க வேண்டும். நழுவி உள்ளே தங்கிவிட்டது என்று வருகிறவர்களில் அநேகம் பேர் விட்ட இடம் இதுதான். லேடெக்ஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பாலியூரிதேன், பாலிஐசோபிரீன் வகைகள் உண்டு. அவர் போட மறந்தாலும் உங்கள் கையில் இருக்கும்படி பெண்களுக்கான காண்டமும் உண்டு. கொஞ்சம் பழக வேண்டும்.

வாய்வழி உறவில் எச்ஐவி பரவும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆனால் கொனோரியா, சிபிலிஸ், ஹெர்பீஸ் தாராளமாகப் பரவும். காண்டமோ, காண்டத்தை நீளவாக்கில் வெட்டி விரித்த தாளோ உதவும். எல்லோரும் இதைச் செய்வதில்லை என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் தொண்டை ஸ்வாப்பை வலியுறுத்துகிறேன்.

பேச்சை எப்படி எடுப்பது? கட்டிலில், விளக்கு அணைந்த பிறகு வேண்டாம். ஆடையோடு, டீ குடித்துக்கொண்டிருக்கும்போது. உங்கள் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்: “நான் இந்த வாரம் டெஸ்ட் எடுக்கப் போறேன். உங்க ரிப்போர்ட்ல ரெண்டுதான் இருக்கு, தேதியும் கொஞ்சம் சீக்கிரம். வாங்களேன், சேர்ந்தே போயிட்டு வந்துடலாம்.” இதில் சந்தேகம் எங்கே இருக்கிறது? அவருடைய கடந்த காலத்தில் எத்தனை பேர், யார், எப்படி என்று துருவத் தேவையில்லை. டெஸ்டுக்கு வேண்டியது ஒரே ஒரு தகவல்: கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் எப்போது? அதே தகவலை நீங்களும் கொடுங்கள். இதைக் கேட்டு முகம் சுளித்தால் ஒருநாள் விடுங்கள், யோசிக்கட்டும். ஆனால் காண்டம் போட மறுத்து வற்புறுத்துவது, போட்டுவிட்டு நடுவில் சொல்லாமல் கழற்றுவது, இவை வேறு ரகம். நீங்கள் சம்மதித்தது காண்டத்தோடான உறவுக்கு. சொல்லாமல் கழற்றுவது சில நாடுகளில் சட்டப்படியே குற்றம்.

ஏதாவது பாசிட்டிவ் வந்தால்? கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ், டிரைக்கோமோனஸ் நான்கும் முழுதாகக் குணமாகக்கூடியவை. கிளமிடியாவுக்குப் பெரும்பாலும் ஒரு வார டாக்ஸிசைக்ளின், ஆரம்பநிலை சிபிலிஸுக்கு ஒரே ஒரு பென்சிலின் ஊசி, கொனோரியாவுக்கு செஃப்ட்ரையாக்ஸோன் ஊசி. கொனோரியா பல மாத்திரைகளுக்கு அடங்காமல் போய்விட்டது. நண்பர் சொன்ன மாத்திரையை வாங்கிப் போட்டுப் பார்ப்பது கிருமிக்குத்தான் உதவும். இருவருக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை நடக்க வேண்டும், முடிந்தபின் மருத்துவர் சொல்லும் வரை, பெரும்பாலும் 7 நாள், உறவு கூடாது. இல்லாவிட்டால் ஒருவர் குணமாகி மற்றவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வார். மருந்து முடிந்த கையோடு மறுபடி டெஸ்ட் எடுக்க ஓடாதீர்கள். செத்த கிருமியின் மரபணுவையும் அந்த டெஸ்ட் பிடித்துக் காட்டும். மூன்று மாதத்தில் எடுத்தால் போதும்.

அப்போது வருகிற அடுத்த சண்டை, ‘யார் யாருக்குக் கொடுத்தது’ என்பது. டெஸ்ட் அதைச் சொல்லாது. கிளமிடியா மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். புதிய உறவின் இரண்டாவது மாதத்தில் கண்டுபிடிக்கப்பட்டது என்பதால் இந்த உறவில்தான் வந்தது என்றோ, யாரோ ஏமாற்றினார்கள் என்றோ ஆகிவிடாது.

எச்ஐவி பாசிட்டிவ் என்று முதல் டெஸ்ட் சொன்னால், அது உறுதி செய்யப்படும் வரை முடிவு அல்ல. உறுதியானாலும் உறவுக்கு முற்றுப்புள்ளி அல்ல. மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து நிலைத்தவரிடமிருந்து உடலுறவு மூலம் எச்ஐவி பரவாது. 2019இல் லான்செட் இதழில் வந்த பார்ட்னர் 2 ஆய்வில், ஒருவருக்கு மட்டும் எச்ஐவி உள்ள 782 ஆண் ஜோடிகள், காண்டமில்லாத சுமார் 76,000 உறவுகள். துணையிடமிருந்து பரவியது ஒன்றுகூட இல்லை. எச்ஐவி இல்லாதவர் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் பிரெப் என்ற தடுப்பு மாத்திரையும் 2012இலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. இரண்டுமே மற்ற பால்வினைத் தொற்றுகளைத் தடுக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

காண்டம் கிழிந்துவிட்டால் என்ன செய்வது என்பதை நடப்பதற்கு முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் நேரம் ஓடும். உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், அதில் பயன் இல்லை, கெடுதல் உண்டு. துணையின் எச்ஐவி நிலை தெரியவில்லை என்றால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போய், எச்ஐவி ஒட்டாமல் தடுக்கும் பெப் என்ற மருந்தைப் பற்றிக் கேட்க வேண்டும். மூன்றாம் நாளைவிட முதல் நாள் மேல். முதல் நாளிலும் முதல் சில மணி நேரம் மேல். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கர்ப்பத்துக்கு, நீங்கள் மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டிருந்தால் வேறு எதுவும் வேண்டாம். தவறவிட்டவர்களுக்கு லெவோநார்ஜெஸ்ட்ரெல் மாத்திரை 72 மணி நேரத்துக்குள், யூலிப்ரிஸ்டல் மாத்திரையோ காப்பர் டியோ என்றால் 5 நாளுக்குள்.

எல்லா டெஸ்டும் முடிந்து காண்டத்தை நிறுத்தும்போது ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: வெளியே எப்போதாவது ஏதாவது நடந்துவிட்டால், விவரமெல்லாம் சொல்லாவிட்டாலும், “கொஞ்ச நாள் காண்டம் போடலாம், மறுபடி டெஸ்ட் எடுக்கணும்” என்று சொல்வதற்கு இருவருக்கும் வழி இருக்க வேண்டும். சொன்னால் வீடு இடிந்துவிடும் என்ற நிலை இருந்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். இருவரும் இருவரோடு மட்டும் என்றால் அடிக்கடி டெஸ்ட் தேவையில்லை. 25 வயதுக்குக் கீழே உள்ள பெண்கள் மட்டும் கிளமிடியா, கொனோரியாவை வருடம் ஒருமுறை பார்ப்பது நல்லது. ஒன்றுக்கு மேற்பட்டவர்களோடு பழகுகிறவர்கள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. குழந்தை பெற்றுக்கொள்ளத் தீர்மானித்தால் எச்ஐவி, சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி மூன்றையும் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே மறுபடி எடுங்கள், முன்பு எத்தனை முறை நெகட்டிவ் வந்திருந்தாலும்.